உப்பில் போட்டுக் கொண்டுபோன நுரையீரல்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் கடலை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுதவும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மனதில் போட்டு வைத்து வைத்து அது ஆறுவதாகத் தெரியவில்லை.

இளவயதில் நான் சங்கு குளித்தவன். ஒருநாள் அடியில் இருக்கும்போதே வலது காதுக்குள் ஏதோ கிழிந்தது போல இருந்தது. மேலே வந்து பார்த்தால் கழுத்தெல்லாம் ரத்தம். இனிமேல் முங்கினால் இருக்கிற காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரையில் கண்ட வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் பன்றி வளர்க்க வந்தேன். வெள்ளைப் பன்றி. ஊருக்குத் தெற்கே உடைமரங்களுக்கு நடுவில் ஒரு கொட்டகை. டவுன் ஹோட்டல்களில் மிஞ்சும் சோறும், கரையில் கழிக்கிற மீனும்தான் தீனி. நானும் என் மனைவியும் பிழைத்தது அதில்தான்.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸும் கல்யாணமும் பன்றிக்கறி இல்லாமல் நடக்காது. ஆனால் பன்றி வளர்க்கிறவன் எதிரே வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சாப்பிடும்போது மட்டும் அதே மூக்கு நன்றாகத் திறந்துகொள்ளும். இதை நான் பல வருடம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவன்.

அந்த வருடம் மாதா திருவிழாவுக்குச் சில நாட்கள் முன்னால் ஊர்க் கமிட்டித் தலைவர் கொட்டகைக்கு வந்தார். சப்பரம் அந்தப் பக்கமாகத்தான் திரும்பும்.

“ஏலே, மாதா வரும்போது உன் பன்னி மூஞ்சிதான் முன்னால நிக்கணுமோ? நாலு பக்கமும் மறைச்சுக் கட்டு” என்றார்.

மறைப்பதற்கு அவரே பழைய பிளெக்ஸ் பேனர்களை ஒரு வண்டியில் அனுப்பினார். பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு வாழ்த்து, கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் இருந்தன. கூரையிலிருந்து தரைவரை இழுத்துக் கட்டினேன். கொட்டகையைச் சுற்றி ஊர்க்காரர்கள் எல்லாரும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இறந்துபோனவர்களும் சிரித்தார்கள். உள்ளே என் பன்றிகள் இருட்டில் நின்றன.

திருவிழா முடிந்து அவிழ்க்கப் போனேன். “இருக்கட்டும்லே. இப்பத்தான் வாடை அடிக்காம நிம்மதியா இருக்கோம்” என்று ஊர்க்காரர்கள் தடுத்துவிட்டார்கள். அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே வராமல் இருப்பதும் நல்லதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் இருமல் ஆரம்பித்தது.

முதலில் வளரும் குட்டிகளுக்குத்தான். காலையில் தீனிச் சத்தம் கேட்டு எழுந்திருக்கும்போது கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி, சேர்ந்தாற்போல இருமும். சளி வராது. வறட்டு இருமல். தீனி தின்றன; ஆனால் சதை பிடிக்கவில்லை. பிறகு சிலவற்றுக்கு வயிறு அடிக்க ஆரம்பித்தது. மூச்சை நெஞ்சால் இழுக்க முடியாமல் வயிற்றால் இழுப்பது எனக்குப் பழக்கமான காட்சி. கூடுதல் நேரம் அடியில் இருந்துவிட்டு மேலே வருகிறவன் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் இழுப்பான். அவனுக்குக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இவற்றுக்குச் சரியாகவில்லை. ஒரு குட்டி செத்தது.

ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? டீக்கடையில் ஒருவன் கேட்டான்.

“என்ன மாமா, உங்க வீட்டுப் பிள்ளையள் ராப்பகலா இருமுதே, சிரப்பு வாங்கிக் குடுக்கப்பிடாதா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அடுத்தவன் சொன்னது சிரிக்கிற விஷயமாக இல்லை. எங்கோ வெளியூரில் பன்றிக் காய்ச்சல் வந்து, ஒரு பண்ணையில் இருந்த அத்தனையையும் கொன்று புதைத்ததை அவன் போனில் பார்த்திருக்கிறான். இங்கேயும் அதுதான் வந்திருக்கிறது என்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கமிட்டி என்னைக் கூப்பிட்டது.

“எங்க பிள்ளையளும்தாம்லே இருமுது. உன் பன்னிகிட்ட இருந்து ஒட்டிருக்குமோ என்னமோ” என்றார் தலைவர்.

மழைக்காலத்தில் எந்த வீட்டுப் பிள்ளை இருமாது என்று கேட்க வாய் வரை வந்தது. வாயைத் தாண்டவில்லை.

“அது என்ன சீக்குன்னு டாக்டர்கிட்ட உறுதியாக் கேட்டுட்டு வந்து சொல்லு. இல்லன்னா கிறிஸ்துமஸுக்கு முன்னால அத்தனையையும் குழிதோண்டிப் பொதைச்சிட்டு எடத்தைக் காலி பண்ணிரு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம். தாய்ப்பன்றிகள், குட்டிகள், எங்கள் இரண்டு பேருடைய சோறு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரே டாக்டர். சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அவர்தான். ஒரு பசுவுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலையிலேயே என்னிடம் பேசினார். இருமல் என்றதும், “வந்து பாக்க இப்ப நேரம் இல்லப்பா. இனி ஒண்ணு செத்துச்சுன்னா நுரையீரலைக் கெடாம எடுத்து, பரிசோதனைக் கூடத்துல கொண்டு குடு. அதைப் பாத்தாத்தான் என்ன சீக்குன்னு சொல்ல முடியும்” என்றார். அந்தக் கூடம் வெளியூரில் இருக்கிறது. எந்த ஊர் என்று இங்கே எழுத விரும்பவில்லை.

கெடாமல் எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்பீர்கள். பின்னால் நின்றவர் ஆட்டை இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கெடாமல் வைப்பது எப்படி என்று எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

சொன்னதுபோலவே இரண்டாவது குட்டி செத்தது. நானே அறுத்து நுரையீரலை மூச்சுக்குழலோடு எடுத்தேன். என் மனைவி கடல் தண்ணீரில் கழுவினாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, பெரிய மீனை எப்படிக் கருவாட்டுக்குப் பதமாக்குவோமோ அப்படியே செய்தோம். சதை தடிப்பாக இருந்த இடங்களில் கீறல் போட்டு, கீறலுக்குள் உப்பை வைத்து அழுத்தினோம். ஓலைப் பெட்டிக்குள் கல்லுப்பைப் பரப்பி, நுரையீரலை வைத்து, மேலேயும் உப்பைக் கொட்டி மூடினோம்.

“ஏங்க, சீலா மீனுக்குக்கூட நான் இவ்வளவு பக்குவமா உப்பு வச்சதில்ல” என்றாள்.

தலைவரே வந்து எட்டிப் பார்த்தார். “இன்னும் ரெண்டு கை போடுளா. புழு வச்சிறப்பிடாது” என்று என் மனைவிக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதையும் போட்டோம்.

ஐஸ் தோன்றவில்லையா என்று பிறகு பல பேர் கேட்டார்கள். எங்கள் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? விடிந்தால் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. ஆனால் ஐஸ் என்பது அன்றைக்கே விற்கிற மீனுக்கு. உருகிவிடும். உருகின தண்ணீரில் ஊறினால் சதை வெளுத்துப் போகும். தூரமாகப் போகிற பொருள், பல நாள் இருக்க வேண்டிய பொருள் என்றால் உப்புதான். இது என் புத்தி மட்டும் இல்லை. எங்கள் கரை முழுக்கக் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஓலைப் பெட்டியை மடியில் வைத்துப் பஸ் ஏறினேன். மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நாம் சுத்தமாகச் செய்திருக்கிறோம், பார்த்தால் பாராட்டுவார்கள் என்று.

பரிசோதனைக் கூடத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெட்டியைத் திறந்தார். ஒரு நிமிடம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க!” என்று கத்தினார்.

வந்தார்கள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள், வேலை பார்க்கிறவர்கள், ஒரு பெரிய டாக்டர்.

“என்னய்யா இது, கருவாடா?”

“அப்படியே குழம்பு வச்சுத் தூக்குவாளியில கொண்டாந்திருக்கலாமே.”

“கத்திரிக்கா போடணும் சார், முருங்கைக்காயும் போடணும்.”

சிரிப்பு அடங்கவே இல்லை. ஒரு பையன் போனை எடுத்துப் படம் பிடித்தான். பெட்டியை மட்டும் பிடித்திருந்தால் பரவாயில்லை. பெட்டியை என் கையில் கொடுத்து, “அண்ணே, கொஞ்சம் சாச்சுப் பிடிங்க” என்றான். நான் பிடித்தேன். எதற்குப் பிடிக்கிறேன் என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ சோதனைக்குத்தான் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் படத்தில் நானும் இருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்பட்டார். “என்ன படிச்சிருக்க?”

“அஞ்சாப்பு சார்.”

“அதான். இதுல ஒண்ணும் பாக்க முடியாது. கொண்டுபோய் வெளியே போடு. புதுசா ஐஸ்ல வச்சுக் கொண்டா.”

“இனிமே ஒண்ணு செத்தாத்தான சார்…” என்று இழுத்தேன்.

“சாகுற வரைக்கும் காத்திரு. இல்ல, ஒண்ண அறு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐஸ். இந்த விஷயத்தில் அந்த வார்த்தையை அப்போதுதான் முதல்முறை கேட்கிறேன். எவ்வளவு சின்ன வார்த்தை! பசுவுக்குள் கையை விட்டுக்கொண்டே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்று காலையே எங்கள் கரையிலிருந்து ஒரு பாரம் ஐஸை அள்ளிக்கொண்டு வந்திருப்பேன்.

வாசலுக்கு வந்துவிட்டேன். ஒரு பெண் பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தாள். டாக்டருக்குப் படித்துக் கடைசி வருடமாம். சிரித்தவர்களுக்கு நடுவில் அவளும் நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது.

“ஐயா, நானும் சிரிச்சிட்டேன். தப்புதான். மன்னிச்சுக்கோங்க” என்றாள்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் அங்கேயே வேப்பமர நிழலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு தண்ணீரை உறிஞ்சி எல்லாவற்றையும் சுருக்கிவிடும். சீக்கால் வந்த மாற்றம் எது, உப்பால் வந்த மாற்றம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. செத்து வெகுநேரம் ஆனதும் சரிப்படாது. நன்றாக இருமுகிற, இன்னும் ஊசி எதுவும் போடாத குட்டியாக இருந்தால் தெளிவாகத் தெரியும். நுரையீரலை வெட்டாமல் கீறாமல் மூச்சுக்குழலோடு முழுசாக எடுக்க வேண்டும். சுவரொட்டி என்கிற மண்ணீரலையும் தனியாக எடுக்க வேண்டும்; காய்ச்சல் நோயா என்று பார்க்க அது தேவை. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதைச் சுற்றி ஐஸ் வைக்க வேண்டும். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது. அன்றைக்கே வந்து சேர வேண்டும். அறுத்த கத்தியையும் இடத்தையும் நன்றாகக் கழுவ வேண்டும், மிச்சத்தை ஆழமாகப் புதைக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஒன்றுகூட விடவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது போல. சொன்னால் புரியாத விஷயமா இது? சொல்வதற்கு ஆள் இல்லாத விஷயம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் டீக்கடைக்குப் போகும் முன்னே படம் போயிருந்தது. கால்நடை சம்பந்தமான ஏதோ குழுவில் போட்டு, அங்கிருந்து சுற்றி எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போனுக்கு வந்திருக்கிறது. ஓலைப் பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் நான். “கருவாட்டு டாக்டர் வாராரு, எந்திரிங்கலே!” என்றான் ஒருவன். இரண்டு கை உப்பு கூடப் போடச் சொன்ன தலைவரும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார்.

இனி ஒரு பன்றியை அறுக்க வேண்டும்.

பன்றி வளர்ப்பதே அறுக்கத்தான். அதை நான் மறைக்கவில்லை. வளர்ந்த பன்றியை எத்தனையோ முறை கத்திக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இது வேறு. பாதிகூட வளராத குட்டி. மருந்து போட்டால் பிழைத்தாலும் பிழைத்திருக்கும். கறியும் யாருக்கும் ஆகாது. என்ன சீக்கென்று தெரியாததை யார் வாயில் போடுவது?

இருமுகிறவற்றில் அதிகம் இருமியது ஒரு பெட்டைக் குட்டி. வாளிச் சத்தம் கேட்டால் மற்றவை தொட்டிக்கு ஓடும்; அது மட்டும் என் காலுக்கு வரும். காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்ட பிறகுதான் தின்னப் போகும். மூச்சு வாங்கிக்கொண்டே அன்றைக்கும் காலுக்கு வந்தது. என் மனைவி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் குட்டியைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. நுரையீரலையும் சுவரொட்டியையும் அந்தப் பிள்ளை சொன்னது சொன்னபடி எடுத்தேன். மற்றதையெல்லாம் உடைமரத்தடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன். ஒரு உயிரை எடுத்து ஒரு துண்டுகூட யாருக்கும் பயன்படாமல் மண்ணில் போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கைகால் கழுவிக் குளித்துவிட்டுத் தெர்மாகோல் பெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். ஐஸ் உடைத்துக் கொடுக்கிற அண்ணாச்சி, “என்ன மீன்லே, இவ்வளவு ஐஸ் கேக்க?” என்றார். சொன்னேன். மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பொடியாக உடைத்து, பையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அவரே நிரப்பி, மூடியை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பஸ் கண்டக்டர் மீனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

மேஜைக்குப் பின்னால் அதே ஆள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க வாங்க. இந்தத் தடவ என்ன, ஊறுகாயா?”

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பெட்டியை மேஜையில் வைத்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

“சார், இதுக்குள்ள இருக்கது காலையில உயிரோட என் காலடியில வந்து நின்ன குட்டி. சாகுத நிலைமையில இல்ல. ஐஸ்னு ஒரு வார்த்தைய எனக்கு யாரும் சொல்லாததுனால அறுத்துக் கொண்டாந்திருக்கேன். படம் எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க. ஆனா சிரிக்காம எடுங்க.”

அவ்வளவுதான் பேசினேன். உள்ளேயிருந்து பெரிய டாக்டர் எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “உள்ள கொண்டாங்க” என்றார். முதல் நாள் “கொண்டா” என்றவர் இன்று “கொண்டாங்க” என்றதை நான் கவனித்தேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

என்னை உள்ளே கூப்பிட்டு நிறுத்தியது அந்தப் பெண் பிள்ளைதான். “உங்க பன்றி, நீங்க பாக்கணும்” என்றாள். வெள்ளைத் தட்டில் நுரையீரலை விரித்து வைத்திருந்தார்கள். பின்பக்கமெல்லாம் இளஞ்சிவப்பாக, அமுக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. முன்பக்கம், கீழ்ப் பக்கம் மட்டும் கருஞ்சிவப்பாகக் கெட்டிப்பட்டிருந்தது. அந்த இடத்தைப் பார்த்தால் நுரையீரல் என்றே சொல்ல முடியாது. கறித்துண்டு போல இருந்தது. மூச்சுக்குழலைப் பிளந்து புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. சுவரொட்டியைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு அவள் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்தாள். இளஞ்சிவப்புப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு வெட்டிப் போட்டாள். மிதந்தது. கெட்டிப்பட்ட பக்கத்தில் ஒரு துண்டு வெட்டிப் போட்டாள். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

“காத்து இருக்குற இடம் மிதக்கும் ஐயா. இங்க காத்தே போகல” என்றாள்.

நான் எத்தனை வருடம் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன்! அவள் சொல்லாமலேயே எனக்கு விளங்கியது. என் குட்டி தரையில் நின்றுகொண்டே முங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பெரிய டாக்டர் கேட்டார்: “கொட்டகையில காத்தோட்டம் எப்படி?”

பிளெக்ஸ் கட்டியதைச் சொன்னேன். யார் கட்டச் சொன்னார்கள் என்றும் சொன்னேன்.

“கிருமிதான் காரணம். ஆனா மூத்திர வாடையோட அடைச்சுப் போட்டா நெஞ்சு எரிஞ்சு, கிருமிக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரிதான். ஒண்ணோட மூச்சுக் காத்து இன்னொண்ணுக்கு. முதல்ல அதை அவுத்துப் போடுங்க” என்றார். பார்வைக்குக் காய்ச்சல் நோய் மாதிரி இல்லை, ஆனாலும் துண்டுகளைச் சோதித்து உறுதி பண்ணித்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய் அரிவாளை எடுத்துக் கயிறுகளை அறுத்தேன். பேனர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. கடல்காற்று உள்ளே போனது. பன்றிகள் எல்லாம் மூக்கைத் தூக்கின. சத்தம் கேட்டுத் தலைவர் வந்துவிட்டார்.

“ஏலே, யாரைக் கேட்டு அவுக்க?”

“பன்னியளைக் கேட்டுத்தான் அண்ணாச்சி” என்றேன்.

உள்ளே நின்ற என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில நாட்கள் கழித்து அந்தப் பிள்ளை போன் செய்தாள். காய்ச்சல் நோய் இல்லை. பன்றிக்குப் பன்றி பரவுகிற ஒரு நெஞ்சுச் சீக்கு. அதன் ஆங்கிலப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. மனிதர்களுக்கு ஒட்டாது, மருந்து இருக்கிறது என்றாள். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்கும் தகவல் போயிருந்தது. அவரே வண்டியில் வந்து ஊசி போட்டார். “அன்னைக்கு ஐஸ்னு சொல்லாம விட்டுட்டேன், இல்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பன்றியிடம் போனார்.

கமிட்டியிடம் போய்ச் சொன்னேன். ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. “நான் அப்பவே நெனச்சேன், இது காய்ச்சலா இருக்காதுன்னு” என்றார் தலைவர். அத்தனையையும் புதைக்கச் சொன்ன வாய் அது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடிந்ததும் பையோடு வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றவரும் அவர்தான். ஊசி போட்டவற்றை டாக்டர் சொன்ன காலம் தாண்டும்வரை நான் தொடவில்லை. சீக்குப் படாத பெரிய பன்றிகளை மட்டும் கொடுத்தேன். “நெஞ்செலும்பாப் பாத்துப் போடுலே” என்று கேட்டு வாங்கிப் போனார். மூக்கைப் பொத்தவில்லை.

கருவாட்டு டாக்டர் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் படமும் இன்னும் யார் யார் போனிலோ கிடக்கிறது. முன்பு அதற்குக் கூனிக் குறுகுவேன். இப்போது கோபம்தான் வருகிறது. உப்பு வைத்தது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தெரியாமல் வந்து நின்றவனைப் படம் பிடிக்க அத்தனை பேருக்கு நேரம் இருந்தது; ஒரு வார்த்தை சொல்ல ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் நேரம் இருந்தது. பன்றி வளர்க்கிறவன், ஐந்தாம் வகுப்புக்காரன், அவனுக்கு என்ன சொல்லி என்ன விளங்கப்போகிறது என்று அவர்களாகவே முடிவு பண்ணிக்கொண்டார்கள். அந்த முடிவால்தான் அந்தக் குட்டிக்கு உடைமரத்தடியில் குழி தோண்டினேன்.

இப்போது புதிதாகப் பன்றி வளர்க்கிறவர்கள் சில பேர் என்னிடம் ஏதாவது கேட்டு வருகிறார்கள். கூச்சம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் கடைசிவரை சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் அனுப்புகிறேன். நாம் சொல்லாமல் விடுகிற பாதி, வாளிச் சத்தம் கேட்டு ஓடிவரும் எந்தக் குட்டியின் கழுத்தில் போய் விழும் என்பது எனக்குத் தெரியும்.